அப்பாயிக்கு ஏழு நிமிஷம்

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கேன், வயசு 31. வீட்டுக்காரர் கொழும்புல ஒரு துணிக்கடையில நிக்கிறாரு, மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. ஏழு வயசுல ஒரு மக. மாமியும் எங்களோடதான், 30 வருஷம் கொழுந்து எடுத்துட்டு இப்ப வீட்டுல இருக்காங்க. நான் எட்டு மாசமா மிஸ்ட்ரி ஷாப்பர் வேலை செய்றேன். கஸ்டமர் மாதிரி கடைக்கு, பேங்குக்கு, போன் ஷாப்புக்கெல்லாம் போய் எப்படி கவனிக்கிறாங்கன்னு பாத்து ரிப்போர்ட் அனுப்பணும், ஒரு இடத்துக்கு 1,500 ரூபா. புள்ளையோட போனா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு மகளையும் கூட்டிட்டு போவேன், போன்ல ஸ்டாப்வாட்ச் அவதான் புடிப்பா. இப்ப வீட்டுலயும் அப்பாயி தேத்தண்ணி கொண்டு வர எத்தனை நிமிஷம்னு பாத்து "ஏழு நிமிஷம், லேட்டு"ன்னு சொல்றா, ஒரே சிரிப்புதான். மாமிக்கு ஒண்ணும் விளங்காது, அவங்களும் சிரிச்சிட்டு போயிடுவாங்க. வீட்டுக்காரர் மட்டும் இது கோள் சொல்ற வேலை, விட்டுருன்னு நிக்கிறாரு. அவருக்கு எப்படி விளங்கப்படுத்துறது? இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல வேற ஒரு கம்பெனி 7,500 கட்டி பதிஞ்சா பெரிய ஹோட்டல் வேலையெல்லாம் தாரோம்னு சொல்றாங்க, கட்டலாமா?

பதில்: தங்கச்சி, அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே பேசுறேன்.

சல்லி விஷயத்தை முதல்ல முடிச்சிருவோம். கட்டாத. வேலை வாங்குறவன் உனக்கு தரணும், நீ அவனுக்கு தரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இந்த மாதிரி காயிதம் எனக்கு வந்துக்கிட்டே இருக்கு, எல்லாருக்கும் ஒரே கதைதான், ஹோட்டலுக்கு ஸ்டார் போடுங்க, வீடியோவுக்கு லைக் போடுங்கன்னு ஆரம்பிப்பாங்க, முதல் ரெண்டு நாள் ஐநூறு ஆயிரம்னு அக்கவுண்டுக்கு நெசமாவே வந்து விழும், அது தூண்டில்ல கோக்கிற புழு, அப்புறம் நீங்க கொஞ்சம் போட்டாத்தான் அடுத்த வேலை தொறக்கும்பாங்க, போட்டவங்க தாலிக்கொடியை அடகுக்கடையில வச்சிட்டு எனக்கு எழுதுறாங்க. அமெரிக்காவுல இதே மிஸ்ட்ரி ஷாப்பர் பேரைச் சொல்லி பொய் செக் அனுப்புவாங்க, பேங்க்ல போட்டு உன் சம்பளத்தை எடுத்துக்கிட்டு மிச்சத்தை இன்ன இடத்துக்கு உடனே அனுப்புன்னுவாங்க, கொஞ்ச நாள்ல செக் திரும்பி வரும், அனுப்புன காசு முழுக்க இவங்க தலையில கடனா நிக்கும். உன் அக்கவுண்டை கொஞ்சம் பாவிக்கத் தாங்கன்னு எவனாவது கேட்டா அது எல்லாத்தையும் விட மோசம், எவனோ எங்கயோ ஏமாத்துன சல்லி உன் பேர்ல வந்து போகும், பொலிஸ் தேடிக்கிட்டு வர்றது உன் லயத்து வீட்டுக்குத்தான். போதும், அந்த நம்பரை ப்ளொக் பண்ணு.

இப்ப செய்ற வேலையில எட்டு மாசமா ஒழுங்கா சல்லி வருதுன்னா அது சரியான இடமாத்தான் இருக்கணும். நீ சம்பாதிக்கிறதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, பொம்பளை கையில அவ பேர்ல நாலு காசு இருக்கணும்னு இருபது வருஷமா எழுதிக்கிட்டு இருக்கிறவ நான். 1,500ங்கிறது சின்ன காசும் இல்ல, தோட்டத்துல ஒரு நாள் பேருக்கு, அதான் ஒரு நாள் சம்பளத்துக்கு, 1,000 ரூபா ஆக்கவே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்துச்சு, 1,350 ஆனது 2024லதான். ஆனா பஸ் காசை, கடையில வாங்குற சாமானை, போன் டேட்டாவை கழிச்சு பாத்து கணக்கு போடு, அதோட இதுல வயசான காலத்துக்கு சேர்ற ஈபிஎஃப் கிடையாது, உன் மாமிக்காவது 8 வீதம் அவங்க சம்பளத்துல புடிச்சு தோட்டம் 12 வீதம் போட்டுச்சு, உனக்கு போட ஆளில்ல, நீதான் போட்டு வச்சுக்கணும்.

சரி, இப்ப நான் பேச வந்ததுக்கு வாறேன்.

உன் காயிதத்தை ரெண்டு தரம் படிச்சேன், ரெண்டு தரமும் அந்த ஸ்டாப்வாட்ச் கிட்ட வந்து நின்னுட்டேன். நீ அதை சும்மா போற போக்குல எழுதியிருக்க, சிரிப்பா இருக்கும்னு எழுதியிருக்க. மாமிக்கு ஒண்ணும் விளங்காதுன்னு வேற. யாருக்கு விளங்காது? 30 வருஷம் கொழுந்து எடுத்த மனுசிக்கா? அவங்களுக்கு ஸ்டாப்வாட்ச்னா என்னான்னு தெரியாம இருக்கலாம், லேட்டுன்னா என்னான்னு உன்னையும் என்னையும் விட அவங்களுக்கு நல்லா தெரியும். பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கெடுத்து வேலைக்கு பிரிக்கிற இடத்துக்கு, கொஞ்சம் பிந்தி போனா "லேட்டு, வீட்டுக்கு போ, இன்னைக்கு உனக்கு பேர் இல்ல"ன்னு திருப்பி அனுப்புன சொல்லு அது. புள்ளைக்கு காய்ச்சல்னாலும் அதே சொல்லு, மழையில ரோடு சறுக்கி விழுந்து எந்திரிச்சு வந்தாலும் அதே சொல்லு. பதினெட்டு கிலோ இருபது கிலோன்னு தோட்டத்துக்கு தோட்டம் ஒரு கணக்கு வச்சு, தராசுல போட்டு, தண்ணிக்கு கழிச்சு சாக்குக்கு கழிச்சு, கடைசியில குறைஞ்சா அரைப்பேரு, பாதி சம்பளம்னு எழுதுவாங்களே, அந்த மனுசி வாழ்க்கை பூராவும் ஒருத்தன் நிறுத்துக்கிட்டும் நேரம் பாத்துக்கிட்டும்தான் இருந்திருக்கான். எல்லாம் முடிஞ்சு வீட்டுல உக்காந்து பேத்திக்கு தேத்தண்ணி ஊத்துற காலத்துல, அந்த பேத்தி வாயில இருந்து லேட்டு.

அவங்க சிரிச்சிட்டு போயிடுவாங்களாம். அந்த சிரிப்பு எனக்கு தெரியும் தங்கச்சி, கணக்கப்பிள்ளை ஏதாவது நக்கலா சொன்னா எங்கம்மாமாரு எல்லாரும் அப்படித்தான் சிரிப்பாங்க, வாய் சிரிச்சுக்கிட்டு இருக்கும், கை முந்தானையை இழுத்து இழுத்து சொருகும்.

என் கதை ஒண்ணு சொல்றேன். எங்கம்மா என்னை அடிச்சதே இல்ல, ஒரே ஒரு நாளைத் தவிர. எனக்கு அப்ப எட்டு ஒம்பது வயசு இருக்கும், இஸ்தோப்புல, அதான் வீட்டு முன்திண்ணையில, தங்கச்சி தம்பியெல்லாம் வரிசையா நிக்க வச்சு, தாத்தாவோட பழைய குடையை கக்கத்துல இடுக்கிக்கிட்டு, கையில ஒரு குச்சி, "ஏய், வெரசா எடு, மட்டத்தை உடைக்காத, வாய் பேசுறவளுக்கு இன்னைக்கு அரைப்பேரு"ன்னு கங்காணி விளையாட்டு விளையாடுறேன், பக்கத்து காம்பரா ஆளுங்கல்லாம் எட்டிப் பாத்து சிரிக்கிறாங்க, நான் அப்படியே அச்சு அசலா செய்றேனாம். அம்மா மலையில இருந்து வந்து கூடையை இறக்கக்கூட இல்ல, அப்படியே வந்து முதுகுல ஒண்ணு வச்சாங்க பாரு. அப்புறம் அடுப்புக்கிட்ட போய் உக்காந்துக்கிட்டாங்க, ராத்திரி வரைக்கும் யாரோடையும் பேசல. புள்ளைய அடிக்கிறது சரின்னு சொல்ல வரல, உன் மகளை அடிச்சிறாத, அவ மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு எனக்கும் ஏன் அடி விழுந்துச்சுன்னு விளங்கல, இருபத்தஞ்சு வயசு ஆகித்தான் விளங்குச்சு.

கங்காணிங்கிற சொல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சிருக்கியா? கண்காணின்னு சொல்றதுதான் மருவி கங்காணி ஆச்சு, தோட்டத்துல ஆளுங்க வேலையை கண்ணு வச்சு பாக்கிறவன். எத்தனை பேரை வேலைக்கு இறக்குறானோ அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவுன்னு அவனுக்கு தலைக்காசு குடுத்தாங்க. நீ இப்ப பாக்கிற வேலையும் அந்த வேருல முளைச்சதுதான், அந்தக் காலத்துல அமெரிக்காவுல கடையிலயும் பேங்க்லயும் வேலை செய்றவங்க கல்லாவுல கை வைக்கிறாங்களான்னு பாக்கத்தான் இப்படி கஸ்டமர் வேஷத்துல ஆள் அனுப்ப ஆரம்பிச்சாங்க, பிறகுதான் சிரிச்சாங்களா வணக்கம் சொன்னாங்களா டொய்லட் சுத்தமா இருந்துச்சான்னெல்லாம் கேள்வி வந்துச்சு. இதைச் சொல்றது உன்னை வேலையை விட வைக்க இல்ல. கண்காணிக்கிற வேலையும் ஒரு வேலைதான், யாராவது பாத்துக்கிட்டு இருந்தாத்தான் கவுண்டர்ல இருக்கிறவன் சேலை கட்டுன தோட்டத்து அம்மாவையும் மனுசியா மதிச்சு பதில் சொல்லுவான், அந்த நல்லது இதுல இருக்கு, நானே பேங்க்ல அவமானப்பட்டு வந்த ஆள்தான். ஆனா நீ என்ன வேலை செய்றன்னு உனக்கு தெரிஞ்சிருக்கணும், அதை ஏழு வயசு புள்ள கையில குடுத்து விளையாட்டா ஆக்கக்கூடாது.

அதனால மக இனிமே வரக்கூடாது. பல இடத்துல புள்ளைகளை கூட்டிட்டு போகக்கூடாதுன்னு விதியே போட்டிருப்பாங்க, உனக்கு அனுப்புற வழிமுறையை முழுசா படிச்சியா இல்ல சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் பாத்தியா? விதி இல்லைன்னாலும் வரக்கூடாது. யாருக்கும் சந்தேகம் வராதுன்னு எழுதியிருக்கியே, அதுக்கு என்னா அர்த்தம், உன் வேஷத்துக்கு உன் மக ஒரு சாமான். அவளைப் பாத்து டொபி ஒண்ணு குடுத்து கன்னத்தைத் தட்டுன கவுண்டர் பொண்ணைப் பத்தி அன்னைக்கு ராத்திரி நீ ரிப்போர்ட் எழுதுற, பக்கத்துல உக்காந்து மக நிமிஷத்தை வாசிக்கிறா. அவ இதுல இருந்து என்னத்த படிப்பா? மனுசங்க அன்பா இருந்தா அதுக்கு மார்க் போடணும்னு படிப்பா. வீட்டுல ஆரம்பிச்சிட்டா பாரு.

இன்னொரு விஷயம், நீ கேக்காதது. ரிப்போர்ட் எழுதும்போது நிமிஷத்தோட நிறுத்தாத. அந்த ஃபார்ம்ல கடைசியில கருத்து எழுத ஒரு கட்டம் இருக்கும், முக்காவாசிப் பேர் அதுல ரெண்டு சொல்லு எழுதிட்டு அனுப்பிருவாங்க. மூணு கவுண்டர்ல ஒண்ணுதான் தொறந்திருந்துச்சு, வரிசையில பதினோரு பேர், அந்த பொண்ணு ஒத்தையா பில்லும் போட்டு பையும் கட்டிக்கிட்டு இருந்துச்சுன்னு நீ கண்ணால பாத்ததை எழுது. பொய் எழுதச் சொல்லல, பாவம்னு பாத்து நல்லா கவனிச்சாங்கன்னு எழுதுறதும் பொய்தான், அதுவும் கூடாது, எரிஞ்சு விழுந்தா எரிஞ்சு விழுந்தான்னே எழுது. ஆனா ஆறு நிமிஷம் லேட்டுன்னு மட்டும் எழுதுனா அந்த ஆறு நிமிஷம் பூராவும் அந்த பொண்ணு தலையில விழும், ஆள் போடாத முதலாளி தப்பிச்சிருவான். நம்ம ஆளுங்க பழைய தோட்டத்துக் கடனை எழுதுன ஒரு துண்டுக்காயிதம் இல்லாம அடுத்த தோட்டத்துல வேலை கேக்க ஏலாத காலத்தை பாத்தவங்க, அந்த துண்டு முறையை எடுத்தது 1921லதான். அந்த வம்சத்துல வந்தவ அடுத்தவ பேரை ஒரு ஃபார்ம்ல எழுதுறதுக்கு முன்ன கொஞ்சம் கை நடுங்கணும். அதுவும் நீ போற கவுண்டர்ல நிக்கிறதெல்லாம் யாரு? பாதிப் பேர் நம்ம லயத்துப் புள்ளைங்கதானே, ஓ லெவலோ ஏ லெவலோ முடிச்சிட்டு மலைக்குப் போகமாட்டேன்னு டவுனுக்கு வந்ததுங்க.

உன் மாமியோட ஏழு நிமிஷத்துக்கும் அந்த கட்டத்துல நீ என்ன எழுதுவ? மழை மாசத்துல விறகு ஈரமா இருந்துச்சு, ஊதி ஊதித்தான் பத்திக்கிச்சு, முட்டி வலியில எந்திரிக்க சுவத்தைப் புடிச்சாங்க, சீனி குறைச்சலா இருந்துச்சு, இருந்ததை பேத்தி கோப்பையில போட்டுட்டு அவங்க வெறும் சாயத்தண்ணி குடிச்சாங்க. இதெல்லாம் எனக்கு எப்படி தெரியும்னு கேக்காத, எல்லா லயத்துலயும் எல்லா கெழவிகளும் இதைத்தான் செய்றாங்க. அடுப்படியில அவங்க பக்கத்துல ஒரு நாள் மகளை உக்கார வை, விறகு வைக்கிறதுல இருந்து ஊத்துறது வரைக்கும் அவ பாக்கட்டும், போன் உன் கையில இருக்கட்டும். மாமிக்கிட்ட மன்னிப்பு கேக்குறேன்னு நாடகம் ஒண்ணும் போடாத, அவங்களுக்கு கூச்சமா போயிரும். பின்னேரத்து தேத்தண்ணியை இனிமே நீ ஊத்து, 31 வயசுல உனக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு? ஊருல இருக்கிற கவுண்டர்ல எல்லாம் போய் எப்படி உபசரிக்கிறாங்கன்னு பாக்கிறவ வீட்டுல உக்காந்து மாமியார் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறா, இதை நான் எந்த ஃபார்ம்ல எழுதுறது?

உன் வீட்டுக்காரருக்கு எப்படி விளங்கப்படுத்துறதுன்னு கேட்டிருந்த. அவருக்கு விளங்கித்தான் இருக்கு. கொழும்புல ஒரு துணிக்கடையில நிக்கிறாருன்னு நீயே எழுதியிருக்க, நிக்கிறாருன்னு. கடை ஆளுக்கு நாளைக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம்னு 1954லேயே சட்டம் போட்டிருக்கு, அவரு எத்தனை மணிக்கு கடை தொறந்து எத்தனை மணிக்கு பூட்டுறாரு, தீபாவளி சீசனுக்கு பகல் சோத்தை எத்தனை மணிக்கு திங்கிறாருன்னு உனக்கு தெரியுமா? எட்டு மாசமா ஊருல இருக்கிற கவுண்டர் எல்லாம் பாத்துட்ட. அடுத்த தடவை போன் எடுக்கும்போது அவருக்கிட்ட கேளு. சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத.