கம்பனி முகாமையாளர்கள் நிதிக்கூற்றுகளை ஏன் திரித்துக் காட்டுகிறார்கள்?

கேள்வியைப் பார்த்தால் கணக்கீட்டு ஒப்படைக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியென்றால் போனஸ், பங்கு விலை, வங்கிக் கடன் நிபந்தனை, வரி என்று எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். அவை பொய்யும் இல்லை. 2002 இல் அம்பலமான அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி வேர்ல்ட்கொம், மற்றத் தொலைபேசி வலையமைப்புகளுக்குக் கட்டிய கட்டணத்தைச் செலவாகக் காட்டாமல் சொத்தாகப் பதிந்தது. பங்குச்சந்தை எதிர்பார்த்த இலாபம் வராததை மறைக்கத்தான். வங்கியில் இல்லாத காசை இருப்பதாகக் காட்டியதாக இந்திய மென்பொருள் கம்பனி சத்யத்தின் தலைவர் கடிதம் எழுதியது 2009 ஜனவரி 7. அந்தக் கிழமை வன்னிச் சனம் போருக்குள் எங்கே நின்றது என்று தெரியும்தானே. எனக்கு அந்தக் கதை பிறகு வகுப்பில்தான் தெரியும்.

ஆனால் நான் கிட்ட இருந்து பார்த்தது வேறு. கிளிநொச்சியில், வாகனம், உழவு இயந்திரம் எல்லாம் தவணைக்குக் கொடுக்கும் ஒரு லீசிங் கம்பனியின் கிளையில் கணக்குப் பிரிவில் இருந்தேன், பெயர் வேண்டாம். முகாமையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். மனுசன் ஒரு சதம் எடுத்தவர் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஊருக்கு ஒரு இடமாற்றம், பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். கிளை இலக்கை எட்டினால்தான் மேலிடம் மாற்றத்தைப் பற்றிப் பேசும்.

இலக்குப் போடுவது கொழும்பு. லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) எடுத்த விவசாயிக்கு மாதாமாதம் தவணை, ஆனால் அவர் காசு காண்பது காலபோக நெல்லோ சிறுபோக நெல்லோ வெட்டினால்தான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. தவணை பிந்தினால் ஐயக்கடன் ஏற்பாடு போட வேண்டும், அதாவது காசு வராமல் போகலாம் என்று ஒரு தொகையை முன்கூட்டியே நட்டமாக ஒதுக்க வேண்டும், அது இலாபத்தைத் தின்றுவிடும். ஆகவே கணக்காண்டு முடியும் மார்ச் 31 க்கு முன்னர் பிந்திய ஆட்களின் பெயரில் புதுக் கடன் எழுதி, அதைக்கொண்டே பழையதை மூடுவார். கணினியில் நிலுவை பூச்சியம். மாங்குளம் பக்கத்து ஐயா ஒருவர் எல்லாத் தாளிலும் கையெழுத்து வைத்துவிட்டு, பேனையைத் திருப்பித் தராமல் கேட்டார்: "தம்பி, புதுக் கடன் எண்டால் காசு கையில தரமாட்டியளோ?" முகாமையாளர் அவருக்குத் தேத்தண்ணி சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"மீளட்டவணை செய்வது, அதாவது கடன் தவணைகளை மாற்றியமைப்பது, சட்டப்படி சரிதானே" என்று உடனே யாராவது வருவீர்கள். சரிதான். ஆளால் கட்ட முடியுமா என்று பார்த்து, மீளட்டவணை என்றே பதிந்து செய்தால் சரி. பிந்திய கடனே இல்லை என்று அறிக்கை அனுப்புவது வேறு கதை. எல்லா முகாமையாளரும் கள்ளர் என்றும் நான் சொல்லவில்லை. கணக்காய்வுக்கு வந்தவர்கள் கடன் கோவையில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். வணிகப் பிரிவு என்றால் கணிதமும் உயிரியலும் ஓடாதவர்கள் போகிற இடம் என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு. "கணக்கப்பிள்ளை வேலைக்கே கம்பஸ் போனனீ" என்று சொந்த மாமாவே கேட்டவர். அவருடைய இன்ஜினியர் மகன் வாகன லீசிங் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, உண்மையான வட்டி எவ்வளவு என்று பார்த்துச் சொல்லச் சொல்லி நின்றபோது மட்டும் மாமா வாயே திறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முகாமையாளருக்கு மாற்றம் கிடைத்தது. அடுத்து வந்தவர் மட்டக்களப்பு. முதல் கிழமை கோவைகளைப் புரட்டிப் பார்த்துக் கொதித்தார். அந்த வருடக் கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "போன மார்ச்சில இதை எப்படிச் செய்தனீங்கள்?"