சோழமண்டல வணிகம்: அரசரத்தினத்தில் எங்கே தொடங்கலாம்?

“போர்த்துக்கீசியர் வந்ததுமே நம் வணிகர்கள் ஒழிந்தார்கள்” என்று நீங்கள் எழுதிய ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை ஆய்வு வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரிதான்.

வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தைப் படியுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர், மலாயாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பேராசிரியராக இருந்தவர். சோழமண்டலக் கரையின், அதாவது தமிழக, ஆந்திரக் கிழக்குக் கடற்கரையின், 1650-1740 கால வணிகம் பற்றி அவர் எழுதிய 1986ஆம் வருட நூலில் தொடங்குங்கள். இலங்கையில் டச்சு ஆதிக்கம் பற்றிய 1958 நூலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நடை கொஞ்சம் வறட்சிதான், பொறுமை வேண்டும். ஆனால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுதிவைத்த ஆவணங்களுக்குள்ளிருந்தே உள்ளூர் வணிகரை வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறார் மனுஷன்.

சென்னையில் காசி வீரண்ணாவைக் கவனியுங்கள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தலைமை வணிகர். கம்பெனிப் பணம் இப்படிப்பட்டவர்கள் கைக்கு வந்து, நெசவாளருக்கு முன்பணமாகப் போய், துணியாகத் திரும்பியது. பரங்கிப்பேட்டை முஸ்லிம் வணிகரின் கப்பல்களும் சுமத்ராவின் அச்சேவுக்கும் மலாயாவின் கெடாவுக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இடையில் இருந்த வணிகரை ஒதுக்கிவிட்டு நெசவாளரை நேரடியாகப் பிடிக்கும் துணிச்சல் ஆங்கிலக் கம்பெனிக்கு வந்தது, அரசியல் அதிகாரம் கைக்கு வந்த பிறகு, 18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். உங்கள் ஆய்வேட்டின் திருப்பத்தை அங்கே வையுங்கள். போர்த்துக்கீசியர் வந்த 1498க்கு ஒரு பத்தி தாராளம்.