ராதாபுரம் தொகுதியில் 49 ஓட்டில் ஜெயித்தார்கள் என்பது உண்மையா? என் ஒரு ஓட்டுக்காக ஊருக்குப் போக வேண்டுமா?

உண்மைதான். நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போடுங்கள்.

நான் அந்தத் தொகுதிக்காரன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எந்தக் கட்சியிலும் இல்லை. அவர் ஆள், இவர் ஆள் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எங்கள் தொகுதி கட்சியை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுகிற தொகுதி அல்ல. அப்பாவு 1996-ல் த.மா.கா., 2001-ல் சுயேச்சை, 2006-ல் தி.மு.க. என்று மூன்று முறையும் ஜெயித்தார். 2011-ல் தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன். 2016-ல் அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, அப்பாவு 69,541. வித்தியாசம் 49.

அந்தத் தேர்தலில் 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். படிவத்தில் தலைமை ஆசிரியர் சான்றொப்பம் போட்டிருந்தார், கெஜட்டட் அதிகாரி அல்ல என்பது காரணம். என் அம்மா பள்ளி ஆசிரியை. அந்த முறை அவருக்கு வேறு ஊரில் தேர்தல் பணி. தபால் ஓட்டுக்குத் தன் தலைமை ஆசிரியரிடம்தான் கையெழுத்து வாங்கினார். செய்தி வந்த அன்று அம்மா சாப்பிடவில்லை. யாருக்குப் போட்டார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. விடிய விடிய கண்விழித்து ஊராரின் ஓட்டுக்கெல்லாம் காவல் இருந்தவர். தன் ஓட்டு அந்த 203-ல் ஒன்றா என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

வழக்கு நடந்தது. 2019 அக்டோபரில் அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-வது சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எண்ணியும் முடித்தார்கள். ஆனால் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே 2021 தேர்தலும் வந்துவிட்டது. நீதிமன்றத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஐந்து வருடப் பதவிக்கு ஐந்து வருடத்துக்குள் விடை வர வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராதாபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இந்த 49, விட்டால் கூடங்குளம். ராதாபுரம் கால்வாய் என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கன்னியாகுமரி மாவட்டத்து அணைத் தண்ணீர் வந்து எங்கள் பக்கத்து 52 குளங்களை நிரப்ப வேண்டும். கடைமடையில் இருக்கிற எங்கள் குளத்துக்கு அது வந்து சேர்ந்த வருடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மனு கொடுத்துக் கொடுத்து என் தந்தையின் செருப்புதான் தேய்ந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2021-ல் அப்பாவு 5,925 ஓட்டில் ஜெயித்து சபாநாயகரும் ஆனார். அம்மாவுக்கு அப்போதும் தேர்தல் பணி. இந்த முறை கெஜட்டட் அதிகாரியிடமே கையெழுத்து வாங்கினார். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டினார்.