நம் கட்சிக்காரர் செய்த தப்பு மட்டும் ஏன் சின்னதாகத் தெரிகிறது?

அரசியல் சார்பு நம் நியாய உணர்வையே மாற்றிவிடுமா, இல்லை தெரிந்தேதான் சப்பைக்கட்டு கட்டுகிறோமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றிவிடும், அதுவும் பெரும்பாலும் நமக்கே தெரியாமல் என்றுதான் சொல்வேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒரு வீடியோவைக் காட்டினேன். ஒரு கவுன்சிலர், தள்ளுவண்டிக்காரரின் தராசைப் பிடுங்கி ரோட்டில் எறிகிறார். பார்த்து முடித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சிடா?" அவர் நாற்பது வருடமாக ஓட்டுப் போடும் கட்சிதான். சொன்னேன். "அந்த ஆளு முன்னாடி என்ன பேசினானோ, வீடியோ பாதியில இருந்துதானே இருக்கு" என்றார். உண்மைதான், பாதியிலிருந்துதான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம் எதிர்க்கட்சி ஆள் ஒருவரின் வீடியோ வந்ததே, அதுவும் பாதிதான். அதைப் பார்த்து, "இவனுங்களை எல்லாம் உள்ள தள்ளணும்" என்று கொதித்தார். மளிகைக் கடையில் பத்து ரூபாய் கூடுதலாக மீதி வந்தால் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுஷர் அவர். அதனால்தான் இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகுதான் ஜெஃப்ரி கோஹென் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். ஏழைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றை, சிலருக்கு வாரி வழங்குவதாகவும் சிலருக்குக் கறாரானதாகவும் மாணவர்களிடம் காட்டி, அதை எந்தக் கட்சி ஆதரிக்கிறது என்பதையும் மாற்றி மாற்றிச் சொன்னார். தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்றதும், வழக்கமாக நிறைய உதவி தரச் சொல்லும் தாராளவாத மாணவர்கள் கறாரான திட்டத்தையும் சரி என்றார்கள். உதவியைக் குறைக்கச் சொல்லும் பழமைவாத மாணவர்கள் வாரி வழங்கும் திட்டத்தையும் சரி என்றார்கள். கேட்டால், திட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம், கட்சியைப் பார்த்து இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை.

ஒரு சமூகமே இப்படி மாறியதற்கும் கணக்கு இருக்கிறது. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று அமெரிக்காவின் வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம் (வேதத்தை அழுத்தமாகப் பின்பற்றும் பிரிவினர்) 2011-ல் கேட்டபோது, முடியும் என்றவர்கள் 30 சதவீதம். 2016-ல், சொந்த வாழ்க்கை பற்றிப் பல சர்ச்சைகள் இருந்த டிரம்ப், அவர்களில் பெரும்பாலோர் ஆதரிக்கும் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றபோது, 72 சதவீதம். வேதம் மாறவில்லை, வேட்பாளர்தான் மாறினார்.

எல்லாவற்றையும் கட்சிப் பாசத்தில் சேர்த்துவிடவும் முடியாது. ஒருவருக்குச் சமத்துவம் பெரிது, இன்னொருவருக்கு மரபு பெரிது. அந்த வேறுபாடு நிஜமானது, அதைப் பேசித் தீர்க்கப் பார்க்கலாம். ஆள் யார் என்று பார்த்துத் தராசைச் சாய்ப்பது வேறு விஷயம். அதுதான் ஆபத்து.

இப்போதெல்லாம் அப்பாவிடம் கட்சிப் பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும்தான் முதலில் சொல்கிறேன். போன வாரமும் அப்படித்தான் ஒரு செய்தியைச் சொன்னேன். "அயோக்கியத்தனம்" என்றார். அப்புறம் கட்சியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ன நடந்ததுன்னு இன்னொரு தடவை முதல்ல இருந்து சொல்லு" என்றார்.