கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் நிரல்மொழியான லீன் 4-இன் சோதனைக் கோப்பில் வெளியீடு மாறினாலும் பில்டு வெற்றி என்றே வருகிறதே, ஏன்?

காரணம் எளிது. இவால், செக், பிரிண்ட் போன்ற கட்டளைகள் தருவது வெறும் தகவல் செய்தி. பிழைச் செய்தி வந்தால்தான் பில்டு தோற்கும். நேற்று 4 என்று காட்டியது இன்று 5 என்று காட்டினாலும் லீனுக்குக் கவலையில்லை, பில்டு பதிவேட்டை யாரும் படிப்பதுமில்லை.

இதற்கென்றே ‘கார்டு மெசேஜஸ்’ கட்டளை இருக்கிறது. சோதிக்கும் கட்டளைக்கு முன்னால் அதை வைத்து, அதற்கும் மேலே ஆவணக் குறிப்பாக எதிர்பார்க்கும் செய்தியை எழுதுங்கள். வெளியீடு பொருந்தினால் செய்தி அடக்கப்படும். பொருந்தாவிட்டால் பிழை, பில்டு நின்றுவிடும். பிழைச் செய்திகளையும் இப்படியே சோதிக்கலாம் என்பது பெரிய வசதி.

நான் மிகவும் வலியுறுத்துவது, முக்கியத் தேற்றங்களுக்கு, அவை சார்ந்திருக்கும் அடிகோள்களைப் பட்டியலிடும் ‘பிரிண்ட் ஆக்ஸியம்ஸ்’ கட்டளையின் வெளியீட்டை இப்படிப் பூட்டிவைப்பதைத்தான். தேற்றம் சார்ந்திருக்கும் ஏதோவொரு துணைத்தேற்றத்தில் ‘சாரி’ (நிரூபணத்துக்குப் பதிலாக வைக்கும் தற்காலிக நிரப்பி) நுழைந்தால் பட்டியலில் ‘சாரி ஆக்ஸ்’ என்ற அடிகோள் சேரும், உடனே பிடிபடும்.

மெட்டாமாறிகளின் (லீன் இன்னும் மதிப்பு கண்டுபிடிக்காத இடங்களின்) எண்கள் கொண்ட செய்திகளைப் பூட்ட வேண்டாம். தொடர்பில்லாத மாற்றத்திலும் அவை மாறக்கூடும். எடிட்டரில் ஒரே சொடுக்கில் குறிப்பைப் புதுப்பிக்கலாம், ஆனால் வேறுபாட்டைப் படித்த பிறகே சொடுக்குங்கள்.