மகன் தேறிவிட்டான், எக்ஸ்ரே இன்னும் தேறவில்லை

கேள்வி: என் 4 வயது மகனுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து நிமோனியா ஆகிவிட்டது. மருந்து கொடுத்து, காய்ச்சல் விட்டு 4 நாளாகிறது. நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடி விளையாடுகிறான். லேசான இருமல் மட்டும் இருக்கிறது. ஆனால் நேற்று எடுத்த எக்ஸ்ரேயிலும் இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாக நிழல் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், வேண்டாம். நேற்றைய எக்ஸ்ரேயே தேவைப்பட்டிருக்காது. எடுத்துவிட்டீர்கள், சரி, அதில் கதிர்வீச்சு மிகக் குறைவு. சி.டி.யில் அது பல மடங்கு.

எக்ஸ்ரே எப்போதும் குழந்தைக்குப் பின்னால்தான் வரும். நோய் தொடங்கும்போது குழந்தைக்கு மூச்சு வாங்கும், படம் சுத்தமாக இருக்கலாம். குழந்தை எழுந்து ஓட ஆரம்பித்த பிறகும் நிழல் சில வாரம் தங்கியிருக்கும்.

ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்குவதால் நுரையீரலின் நடுவிலிருந்து வெளிநோக்கிக் படத்தில் கோடு கோடாகவும் திட்டுகளாகவும் வெண்மை படரும், பெரும்பாலும் இரண்டு பக்கமும். 'நிழல்' என்று எழுதுவது இந்த வெண்மையைத்தான். சளி அடைத்த குழாய்க்குப் பின்னால் காற்று சிக்கி, நுரையீரல் உப்பலாகத் தெரிவதும் உண்டு. நுரையீரலின் ஒரு மடல், அதாவது ஒரு பிரிவு, மட்டும் அடர்ந்த வெள்ளையாக இருந்தால், பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டதோ என்று யோசிப்போம். யோசிப்போம், அவ்வளவுதான். படத்தை மட்டும் பார்த்து வைரஸா பாக்டீரியாவா என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதைவிட நல்ல துப்பு காய்ச்சலின் போக்கு. விட்ட காய்ச்சல் சில நாளில் திரும்பி வந்து, இருமலும் கூடினால் பாக்டீரியா சந்தேகம் வலுக்கும். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், மூச்சை எண்ணிப் பாருங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது, முழுசாக ஒரு நிமிடம். உங்கள் மகன் வயதில் 40-ஐத் தொட்டால் அது வேக மூச்சு. (2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60.) மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இருமல் இன்னும் 2, 3 வாரம் இழுக்கலாம். நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியிருப்பதாக முதல் படத்தில் எழுதியிருந்தாலோ, அதே இடத்தில் முன்பும் நிமோனியா வந்திருந்தாலோதான் பெரும்பாலும் மறுபடி எக்ஸ்ரே தேவைப்படும். அதையும் 4 முதல் 6 வாரம் கழித்து எடுத்தால் போதும்.