பட்டறைக் கேள்வி பதில்: 302 என்பது என்ன கணக்கு?

கேள்வி: என் மாமா விட்டுப்போன ஃபிரென்ஸா காரில் 'கேன்-ஆம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. என்ஜின் 302 என்கிறார்கள். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? (ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: தம்பி, ஸ்டிக்கரை விடுங்கள், அதை யாரும் ஒட்டலாம். 1973-இல் ஜெனரல் மோட்டார்ஸின் தென்னாப்பிரிக்கக் கிளை, பந்தய வீரர் பேசில் வான் ரூயனின் முயற்சியில், சின்ன ஃபிரென்ஸாவுக்குள் அமெரிக்க செவ்ரோலெட் கமாரோ இசட்-28 காரின் வி-8 (எட்டு சிலிண்டர்) என்ஜினைப் பொருத்தியது. பந்தய அனுமதிக்காகச் செய்த அந்த வண்டிதான் கேன்-ஆம். மொத்தமே 100தான்.

302 என்பது கன அங்குலக் கணக்கு. சிலிண்டரின் குறுக்களவு 4 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 3 அங்குலம். ஒரு சிலிண்டருக்கு 37.7, எட்டுக்கும் சேர்த்து 301.6. நம் கணக்கில் 4.9 லிட்டர். ஏன் இந்த அளவு? அமெரிக்காவில் டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்கு அன்று 305 கன அங்குலம்தான் உச்சவரம்பு. அதற்குள் அடங்க, செவ்ரோலெட்டின் 327 கன அங்குல என்ஜினின் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) 283 என்ஜினின் கிராங்க்கை (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டு) போட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த என்ஜின் கணக்கு இதுதான்.

இப்போது பானெட்டைத் திறங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுப்பது) பின்னால், கேபின் சுவரை ஒட்டி இருந்தால் அது செவ்ரோலெட். முன்னால் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டின் 302-க்கும் அதே 4, அதே 3 அங்குலம். இங்கே தென்னாப்பிரிக்காவில் பேசில் கிரீன் கட்டிய ஃபோர்டு கேப்ரி பெரானா காரில் இருந்தது அதுதான். அளவு ஒன்று என்று நம்பி ஒன்றின் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) மற்றதில் மாட்டப் போகாதீர்கள், பொருந்தாது.

செவ்ரோலெட் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான சிக்கல். செவ்ரோலெட்டின் 350 கன அங்குல என்ஜினுக்கும் சிலிண்டர் 4 அங்குலம்தான், வெளியில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பிளாக்கின் பின்பக்கத்தில் வார்த்திருக்கும் 3970010 என்ற எண் இரண்டிலும் வரும். ஆகவே, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் வலப்பக்கம் வரும் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சின்னத் தட்டை இடம் இருக்கும். அதில் குத்தியிருக்கும் என்ஜின் அடையாள எழுத்துகளைத் துடைத்துப் படியுங்கள். அந்த இடம் அரத்தால் தேய்த்த மாதிரி பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

கடைசியில் அளந்துதான் ஆகவேண்டும். ஒரு பக்க ஹெட்டைக் கழற்றி, ஸ்பானரால் கிராங்க்கை மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் மேலே நிற்கும் இடத்திலிருந்து கீழே நிற்கும் இடம் வரை ஆழத்தை அளங்கள். 76 மில்லிமீட்டர் என்றால் 302. 88 என்றால் 350. பிளக் துளை வழியாகக் கம்பி விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் துளை சாய்வாக இருக்கும். பட்டறையில் சேர்ந்த புதிதில் நான் அப்படி விட்ட கம்பி வளைந்து சிக்கி, அந்த ஹெட்டைக் கழற்றவே அன்று மாலையாகிவிட்டது.

302 என்று வந்தாலும் அது கேன்-ஆம் ஆகிவிடாது. சேசிஸ் எண்ணும் பழைய பதிவுக் காகிதங்களும் ஒத்துப்போக வேண்டும். மாமாவின் பெட்டியைத் தேடிப் பாருங்கள். 350 என்று வந்தால் கோபத்தில் விற்றுவிடாதீர்கள், அந்த என்ஜினுக்கு உதிரி பாகம் எளிதில் கிடைக்கும்.

கேள்வி: டர்பனில் நன்றாக ஓடிய எங்கள் வி-8, ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்கு வந்ததும் கரும்புகை விடுகிறது. (ஒரு வாசகி, லெனேசியா)

பதில்: அம்மா, என்ஜினில் கோளாறு இல்லை. நீங்கள் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டீர்கள். அங்கே காற்று மெலிசு, கார்புரேட்டரோ பழைய அளவுக்கே பெட்ரோலை ஊற்றுகிறது. சிறிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைத் திருகு) போட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பு போய் லேசான பழுப்பு வந்தால் சரி. ஆனால் சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தே இருக்கும், அதை ஜெட் மீட்டுத் தராது.

கேள்வி: 1971 இசட்-28-க்கு 330 குதிரைத்திறன், 1972-க்கு 255 என்கிறார்களே? (ஒரு வாசகர், டோங்காட்)

பதில்: மாறியது பெரும்பாலும் அளக்கும் முறைதான். முன்பு என்ஜினை மட்டும் தனியாக வைத்து அளந்தார்கள். 1972 முதல் ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்ஸர் எல்லாம் மாட்டியபடி அளந்தார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து விலை பேசாதீர்கள்.